சீனி போடாத உருண்டை

“பயப்படாமல் எடுங்கோ, சீனி போடேல்லை.”

மூன்று வருடத்துக்குக் கிட்ட, வீட்டுக்கு வந்தவர்களுக்கு இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லித்தான் உருண்டைத் தட்டை நீட்டினேன். பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வந்த தாய்மாருக்கு, நவராத்திரிக்கு வந்த அயலட்டைக்கு, அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருப்பவளுக்கு, சீனி வருத்தம் என்று தேத்தண்ணியைக்கூட வெறுமனே குடிக்கிற பெரியவர்களுக்கு. சொல்லும்போது மனதுக்குள் ஒரு நிறைவு வரும். ஊரெல்லாம் பிள்ளைகளுக்குப் பக்கற் பிஸ்கட்டை உடைத்துக் கொடுக்க, நான் நல்லதைக் கொடுக்கிறேன் என்ற நிறைவு. கடைசியில் அந்த வாக்கியம் என் மாமியின் கொப்பியில் 268 என்ற எண்ணாக வந்து நின்றது. அன்றிலிருந்து அதை நான் சொல்வதில்லை. ஏன் சொல்வதில்லை என்பதை யாருக்கும் ஒழுங்காக விளக்கியதும் இல்லை. கேட்டால் “இப்ப செய்யிறது குறைவு” என்று கடந்துவிடுகிறேன். அது சரியில்லை என்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த உருண்டையின் செய்முறையை என்னிடம் கேட்டு வாங்கிப்போனவர்கள் இருபது முப்பது பேராவது இருப்பார்கள். அவர்கள் வீடுகளிலும் மாமிமார் இருக்கிறார்கள்.

அடுப்பில்லாத சித்திரை

2022 பங்குனி, சித்திரையைப் பற்றிக் கொழும்பில் இருந்தவர்களுக்கு நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், நாலாம் மாடி. விறகு மூட்ட முற்றமில்லை. பல்கனியில் மூட்டினால் புகை மேல்வீட்டுக்குள் போகும். 12.5 கிலோ காஸ் சிலிண்டர் தீர்ந்து பதினாறு நாளாகியிருந்தது. மின்சார அடுப்பில் சமாளிக்கலாம் என்றால் மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. கரண்ட் இருக்கிற நேரத்துக்குள் ஒரு சோறு, ஒரு பருப்பு, முடிந்தால் ஒரு கறி. அதற்குமேல் ஆசைப்பட இடமில்லை. அந்த நிலைமையில்தான் சித்திரைப் புதுவருசம் வந்தது. பயத்தம் பணியாரம் இல்லை, முறுக்கு இல்லை, அரியதரம் இல்லை. மகனுக்கு அப்போது ஆறு வயது, மகளுக்கு மூன்று. “அம்மா, இந்த முறை வருசத்துக்கு ஒண்டும் செய்யேல்லையோ?” என்று மகன் கேட்டான். அழுதுகொண்டோ குறையாகவோ கேட்கவில்லை. தெரிந்து வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டான். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அதே கிழமை கீழ்மாடி ராத்தா, நோன்புக்கென்று பள்ளிவாசலில் கிடைத்த பேரீச்சம்பழத்தில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து தந்தார். வீட்டில் உடைந்த கஜு கொஞ்சம் இருந்தது; முழுக் கஜுவை விட விலை குறைவு என்பதால் எப்போதும் அதைத்தான் வாங்குவோம். எள்ளு ஒரு சுண்டு. அரைத் தேங்காய். பிளெண்டர் போடக் கரண்ட் இல்லை. மாமி யாழ்ப்பாணத்திலிருந்து எப்போதோ கொண்டுவந்து தந்த சின்னக் கல்லுரல் ஒன்று சமையலறை மூலையில் வெங்காயக் கூடைக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு இருந்தது. அதைக் கழுவித் துடைத்து, மெழுகுதிரி வெளிச்சத்தில் நிலத்தில் பாய் போட்டு மூன்று பேரும் சுற்றி இருந்தோம். பேரீச்சம்பழத்தை ஒவ்வொன்றாகப் பிளந்து, உள்ளே வண்டு இருக்கிறதா என்று மெழுகுதிரிக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்து, கொட்டையை எடுத்துச் சிறங்கையில் போடுவது மகனின் வேலை. மொத்தம் அறுபத்தொரு கொட்டை. இரண்டு தரம் எண்ணிச் சொன்னான். பழம் முதலில் உரலுக்குள் வழுக்கி ஓடும், இடிக்க இடங்கொடுக்காது. விடாமல் இடித்தால் கொஞ்ச நேரத்தில் தோலும் சதையும் ஒன்றாகி, களியாகத் திரண்டு, குழவியோடு சேர்ந்து மேலே எழும்பி வரும். அப்போதுதான் கஜுவைப் போட வேண்டும். முந்திப் போட்டால் கஜு மாவாகிவிடும், பல்லில் கடிபட ஒன்றும் மிஞ்சாது. நாலு ஏலக்காய். உள்ளங்கையில் ஒரு துளி தேங்காயெண்ணெய் பூசி மகள் உருட்டினாள். அவள் உருட்டியது ஒன்றுகூட உருண்டையாக இல்லை. ஒவ்வொன்றையும் எள்ளுக்குள் வைத்து அமத்தி, கையை விரித்து எனக்குக் காட்டி, பிறகுதான் தட்டில் வைத்தாள். வருசத்தன்று சாமிப்படத்துக்கு முன்னால் அந்தத் தட்டுத்தான் இருந்தது.

அந்த இரவு எனக்குள் ஏதோ மாறியது என்று இப்போதும் நம்புகிறேன். அடுப்பும் கொதியெண்ணெயும் இல்லாததால், ஆறு வயதுப் பிள்ளையும் மூன்று வயதுப் பிள்ளையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தாங்களே ஒரு பலகாரம் செய்தார்கள். “கிட்ட வராதே, சுட்டுப்போடும்” என்று நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. பின்னர் காஸ் கிடைக்கத் தொடங்கியது. 2,675 ரூபாவுக்கு வாங்கிய அதே சிலிண்டருக்குச் சித்திரை முடிவதற்குள் 4,860 ரூபா. ஆனாலும் கிடைத்தது. வாழ்க்கை மெல்லத் திரும்பியது. உருண்டை மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது.

தங்கியதோடு பெருகவும் செய்தது. கஜுவை இரவு ஊறவைத்து, தேசிக்காய்ப் புளி விட்டு அரைத்து, பேரீச்சம்பழ அடித்தட்டின் மேல் ஊற்றிக் குளிரவைத்தால் கேக் மாதிரி வெட்டலாம் என்று கண்டுபிடித்தேன். கனிந்த அவகாடோவையும் கொக்கோத் தூளையும் கித்துள் பாணி விட்டு அடித்தால் பிள்ளைகள் கிண்ணத்தை வழித்து நக்குவார்கள். கோழிக்கூட்டு வாழைப்பழத்தை வட்டமாக வெட்டி உறையவைத்து அடித்தால் ஐஸ்கிறீம். தவறுகளும் நடந்தன. பச்சைத் தேங்காய்ப்பூவில் உருட்டியதை ஒருநாள் மகனின் பாடசாலைப் பெட்டிக்குள் வைத்தேன். கொழும்பு வெயிலில் இடைவேளைக்குள்ளேயே புளித்துவிட்டது, பாவம், அப்படியே கொண்டுவந்து தந்தான். பச்சைத் தேங்காய் சேர்த்தது பிரிட்ஜுக்கு வெளியே நிற்காது என்பதை அப்படித்தான் படித்தேன். பச்சை மாவை எந்த உருண்டையிலும் சேர்ப்பதில்லை, அது வயிற்றைக் கெடுக்கும். இன்னொன்று: அடுப்பேற்றாத இனிப்பு என்பதற்காக “முற்றிலும் பச்சையானது” என்று கஜுவைப் பற்றிச் சொல்வதில் அர்த்தமில்லை. கண்டி வீதியில் பஸ்யாலைக்கு அங்கால் கஜுகமத்தில் பெண்கள் வழியோரத்தில் வைத்து விற்கும் கஜுவானாலும் சரி, கடையில் பக்கற்றில் வரும் கஜுவானாலும் சரி, கோதுக்குள் இருக்கும் எரிகிற பாலைப் போக்கச் சூடு காட்டாமல் அந்தப் பருப்பை வெளியே எடுக்க முடியாது. சமைத்ததா சமைக்காததா என்ற கேள்வியே எனக்கு எப்போதும் பெரிதாகப் பட்டதில்லை. சீனி இல்லை, கொதியெண்ணெய் இல்லை, கோதுமை மா இல்லை. அதுதான் என் பெருமை.

மாமியின் கொப்பி

இந்த வருடத் தையில் மாமி கண் ஒப்பரேசனுக்காகக் கொழும்புக்கு வந்தார். எழுபத்தொரு வயது. கண்ணில் வெள்ளை படர்ந்து, பேப்பரில் தலைப்பைக்கூட வாசிக்க முடியாத நிலை. பதினெட்டு வருடமாகச் சலரோகம். குளிசையை ஒருநாளும் தவறவிடாத மனுசி. காலையில் விரலைக் குத்திப் பார்த்து, வரும் எண்ணை ஒரு நாற்பது பக்கக் கொப்பியில் திகதி போட்டு எழுதி வைப்பார். கண் தெரியாத நாட்களிலும் எழுதினார். கோட்டுக்கு மேலேயும் கீழேயுமாக ஏறியிறங்கிக் கிடக்கும் அந்த எழுத்துகளைப் பார்த்தாலே எனக்குத் தொண்டை அடைக்கும். ஒப்பரேசனுக்கு மூன்று கிழமை இருந்தது. “அதுக்குள்ள சீனியை இறக்கிக்கொண்டு வாங்கோ, கூடவெண்டால் செய்யமாட்டம்” என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். புண் ஆறாது, கிருமி பிடிக்கும் என்ற பயம்.

நான் காலையில் வேலைக்குப் போய்விடுவேன், பிள்ளைகள் பாடசாலைக்கு. மாமி தனிய. மேசையில் ஒரு பெட்டி உருண்டை வைத்துவிட்டுப் போவேன். “பசிச்சால் பிஸ்கட் சாப்பிடாதையுங்கோ மாமி, இதைச் சாப்பிடுங்கோ. சீனி போடேல்லை.” மாமி நான் சொன்னால் கேட்பவர். காலைத் தேத்தண்ணியோடு இரண்டு, மத்தியானம் நித்திரையால் எழும்பி ஒன்று, பின்னேரம் பிள்ளைகள் வந்தபிறகு அவர்களோடு இருந்து இரண்டு. பெட்டி குறைவதைக் கண்டு நான் சந்தோசப்பட்டேன். சனிக்கிழமை இன்னொரு தொகுதி செய்தேன். மாமிக்கு என் கைப்பக்குவம் பிடித்திருக்கிறது என்று மனுசனிடம் சொன்னேன்.

ஒப்பரேசனுக்கு முதல் நாள் போனபோது வெறுவயிற்றில் 187. தாதி மீண்டும் ஒருமுறை பார்க்கச் சொன்னார். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தின் பின் 268. அந்த எண்ணைக் கொப்பியில் எழுதி, பச்சை மைப் பேனையால் வட்டம் போட்டார். நடுத்தர வயதுப் பெண், களைத்த முகம், ஆனால் குரலில் கோபமில்லை. “அம்மா, என்ன சாப்பிட்டனீங்கள் இந்தக் கிழமை? மறைக்காமல் சொல்லுங்கோ.” மாமி யோசித்தார். சோறு குறைத்துத்தான் சாப்பிட்டேன் என்றார். பழம் தொடவில்லை என்றார். தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை நிறுத்திப் பதினெட்டு வருடம் என்றார். பிறகு, குற்றம் எதையும் ஒப்புக்கொள்கிற தொனியே இல்லாமல், என்னைப் பெருமைப்படுத்துகிற குரலில், “மருமகள் சீனி போடாத உருண்டை செய்து தாறவ. அதுதான் இடைக்கிடை சாப்பிட்டனான்” என்றார். தாதி என் பக்கம் திரும்பி, “எதால செய்யிறனீங்கள்?” என்று கேட்டார். பேரீச்சம்பழம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தலையை மெல்ல ஆட்டிவிட்டுக் கொப்பியை மூடி மாமியின் கையில் கொடுத்தார். திகதியை ஐந்து கிழமை தள்ளிப்போட்டார்கள். அது சரியான முடிவுதான்.

முச்சக்கர வண்டியில் வரும்போது மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கண் தெரியாததால் எப்போதும் அப்படித்தான் வருவார். நான் பேசாமல் இருப்பதைக் கண்டு, “நீ என்ன பொய்யே சொன்னனி பிள்ளை? சீனி போடேல்லைத்தானே” என்றார். ஆறுதலுக்குச் சொன்னார். இந்த ஒன்பது மாதமும் என்னைத் தூங்கவிடாமல் செய்வது அந்த வாக்கியம்தான். நான் பொய் சொல்லவில்லை. என் கையால் ஒரு கரண்டி சீனிகூட அந்த உரலுக்குள் விழவில்லை. அப்படியிருந்தும், என்னை நம்பிய ஒரு மனுசிக்கு, நம்பினதால்தான் கேடு வந்தது.

அன்றிரவு பிள்ளைகள் படுத்தபிறகு சமையலறைத் தராசை எடுத்து மேசையில் வைத்தேன். நான் கணக்கு வேலை செய்பவள். மற்றவர்களின் வரவு செலவைச் சதக்கணக்கில் பார்ப்பவள். என் வீட்டு உருண்டையை அதுவரை ஒருநாளும் நிறுத்துப் பார்த்ததில்லை. ஒன்று 20 கிராம். என் செய்முறையில் கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் 500 கிராம், கஜு 250 கிராம், எள்ளு 50 கிராம். அதில் நாற்பது உருண்டை வரும். காய்ந்த பேரீச்சம்பழத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. அப்படியென்றால் 500 கிராமில் 330 கிராமளவில். நாற்பதால் பிரித்தால் உருண்டைக்கு 8 கிராம். ஒரு தேக்கரண்டிச் சீனி 4 கிராம். உருண்டைக்கு இரண்டு கரண்டி. மாமி ஒரு நாளைக்கு ஐந்து சாப்பிட்டார்: பத்துக் கரண்டி. சலரோகம் வருவதற்கு முன் அவர் தேத்தண்ணிக்குப் போட்டது, கோப்பைக்கு இரண்டாக மூன்று கோப்பைக்கு ஆறு கரண்டி. பதினெட்டு வருடம் மனதைக் கட்டி அவர் விட்ட ஆறு கரண்டியை, நான் மூன்று கிழமை பத்துக் கரண்டியாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். உருண்டை மட்டும்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. பயணம், பயம், நித்திரைக் குறைவு எல்லாம் சேர்ந்திருக்கலாம். ஆனால் கணக்கு என் முன்னால் கிடந்தது.

பேரீச்சம்பழத்தைத் திட்ட வேண்டும் என்று எனக்கில்லை. அதில் நார்ச்சத்து உண்டு, பொட்டாசியம் உண்டு. நாரும் கஜுவின் கொழுப்பும் சேர்ந்து சர்க்கரை இரத்தத்தில் ஏறும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். வெறும் சீனிப் பண்டத்துக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் குறைக்கும், நிறுத்தாது. உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டலில், சேர்த்த சர்க்கரை நாளாந்தச் சக்தியில் 10 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 வீதத்துக்குக் கீழே இறக்கினால் இன்னும் நல்லது என்கிறது. அந்த 5 வீதம் வளர்ந்த ஒருவருக்கு ஏறக்குறைய 25 கிராம், ஆறு கரண்டி. தேன், பாணி, பழச்சாறு எல்லாமே அந்தக் கணக்குக்குள் வரும். முழுப் பழம் வராது. ஆரோக்கியமான பிள்ளை ஒன்றுக்கு அந்த வேறுபாடு உதவும். சலரோகக்காரருக்கு உதவாது, அவரின் உடம்பு பழத்தில் வந்ததா சீனிப் பையில் வந்ததா என்று பார்த்துக்கொண்டிராது. கித்துள் பாணியை நான் அவகாடோவுக்குள் ஊற்றிய அளவை நினைத்தால் இப்போது வயிறு பிசைகிறது. கித்துளோ பனங்கட்டியோ தேனோ, மணமும் நிறமும் வேறு, கொஞ்சம் கனிமம் கூட இருக்கலாம். உள்ளே சர்க்கரைதான்.

எங்கள் நாட்டில் 2016 இலிருந்து குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்ட நிற வட்டம் போடுகிறார்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேலே போனால் சிவப்பு. கடைக்குப் போனால் என் மகன் சிவப்பு வட்டம் உள்ளதை எடுக்கமாட்டான். நான் பழக்கிய பழக்கம். பானத்தையும் உருண்டையையும் ஒரே கோலால் அளக்கக்கூடாது என்று தெரியும். ஆனாலும் அன்றிரவு அளந்தேன். என் உருண்டையில் 100 கிராமுக்கு 41.

மூன்று போதும்

அந்தக் கிழமை கீழே போய் ராத்தாவிடம் நடந்ததைச் சொன்னேன். பேரீச்சம்பழத்தில் இவ்வளவு சர்க்கரை என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். “தெரியாம என்ன தங்கச்சி. அதனாலதானே பகல் முழுக்க வயிறு காஞ்சி கிடந்துட்டு அதால நோம்பு தொறக்கிறது. உடனே தெம்பு வரும். மூணு பழம், ஒரு மொடறு தண்ணி. மூணு போதும்” என்றார். ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையில் எடுப்பது அவர்கள் வழக்கம். அவர் வீட்டில் மூன்று எடுத்ததும் பெட்டி மூடப்பட்டு அலமாரிக்குள் போய்விடும். அந்த மூன்று பழத்தின் வழியில் வந்த பெட்டிதான் 2022 இல் என் வீட்டுக்கும் வந்தது. பழத்தை எடுத்துக்கொண்டேன். மூன்றை விட்டுவிட்டேன்.

அதிலிருந்து எங்கள் பக்கத்து நினைவுகளும் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. அடுப்பேறாத இனிப்பு நான் கண்டுபிடித்ததா என்ன? அம்மன் கோயிலில் மாவிளக்குப் போட்டால், பச்சரிசி மாவும் சர்க்கரையும் பிசைந்து, நடுவில் குழிசெய்து நெய்த்திரி ஏற்றி, திரி அணைந்த பிறகு அந்த மாவைப் பகிர்வார்கள். நெய்யும் சுடரும் பட்ட அந்த நடு மாவுக்குப் பிள்ளைகள் முண்டியடிப்போம். ஆளுக்கு ஒரு நுள்ளு. முருகனுக்குத் தினைமாவும் தேனும். பஞ்சாமிர்தம் என்றால் வாழைப்பழம், பேரீச்சம்பழம், கற்கண்டு, தேன், நெய்; என் கஜு உருண்டையைவிட இனிப்பு. ஆனால் ஐயர் ஒரு கரண்டிதான் விடுவார், அதுவும் வலக்கையைக் குழித்து ஏந்தினால். இரண்டாந்தரம் கை நீட்டினால் அம்மா முறைப்பா. விளாம்பழத்தை உடைத்து, சதையைக் கிண்டி, பனங்கட்டி சீவிப்போட்டு, கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டுத் தருவது அப்பாவின் வேலை. ஒரு பழம் ஐந்து பேருக்கு.

எல்லாவற்றையும் விட எனக்குக் கிட்ட நிற்பது பினாட்டு. அம்மம்மா வீட்டில் ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும் சத்தம் விடியப்புறம் கேட்கும். பழத்தைப் பிசைந்து களியைப் பிழிந்தெடுத்து, வெயிலில் பாயில் ஊற்றிக் காயவைப்பார். ஒரு படை காய அதன்மேல் இன்னொரு படை. நாட்கணக்காக நடக்கும். மழை முகம் காட்டினால் வீடே ஓடும். சூரியனைத் தவிர வேறு நெருப்பில்லை. காய்ந்ததை உரித்து, மடித்து, ஓலைக்குட்டானுக்குள் வைத்து அடுப்படிப் புகைக்கு மேலே தூக்குவார். அதை அவரைத் தவிர வேறு யாரும் தொடமுடியாது. பாடசாலையால் வந்து கையை நீட்டினால் இரண்டு விரல் அகலத்தில் ஒரு துண்டு கிழித்துத் தருவார். அதைச் சப்பிக்கொண்டே கடற்கரை வரைக்கும் நடந்து போகலாம், துண்டு தீராது. அந்த அளவு கஞ்சத்தனம் என்று அப்போது நினைத்தேன். பத்துப் பேர் உழைத்த ஒரு பருவத்தை அடுத்த பனம்பழக் காலம்வரை நீட்டுவதற்கு அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. அவரும் எங்களுக்கு எதையும் “உடம்புக்கு நல்லது” என்று சொல்லித் தந்ததாக எனக்கு நினைவில்லை. தந்தார், அவ்வளவுதான். நான்தான் நல்லது என்ற சொல்லைப் பெட்டியின் மேல் ஒட்டி, மூடியைத் திறந்து, மேசையில் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

இப்போது செய்வது

உருண்டையை விடவில்லை. விட மனமில்லை. பேரீச்சம்பழத்தை 200 கிராமாக இறக்கினேன். கஜுவும் வறுத்த கச்சானுமாக 250 கிராம், வறுத்த எள்ளு 100 கிராம், வெயிலில் காய்ந்த தேங்காய்ப்பூ 100 கிராம். முதல் தடவை ஒட்டவே இல்லை, உதிர்ந்து கொட்டியது. அம்மாவுக்குப் போன் எடுத்தேன். “எள்ளுப்பாகு என்னெண்டு பிடிக்கிறது? எள்ளை முந்தி இடி. எண்ணெய் கக்கும்வரைக்கும் இடி. பிறகு அது தன்ரபாட்டில பிடிக்கும்” என்றா. அதுதான் உண்மை. வறுத்த எள்ளைப் பத்து நிமிடம் கல்லுரலில் இடித்தால் கறுத்து, பளபளத்து, ஈரமண் மாதிரி வரும். அதில் பேரீச்சம்பழத்தைப் போட்டால் பாதிப் பழமே எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கொட்டைப்பாக்கு அளவில் உருட்டுகிறோம், 10 கிராம். அறுபத்தைந்து வருகிறது. ஒன்றில் 2 கிராமளவு சர்க்கரை, அரைக் கரண்டி. எள்ளையும் கச்சானையும் வறுத்துத்தான் போடுகிறேன். அடுப்பேறாத பச்சை இனிப்பு என்று இனி இதைச் சொல்ல முடியாது. சொல்லவும் தேவையில்லை. கச்சானும் கஜுவும் கொழுப்புக் கூடியவை, அதனால் இவற்றையும் அள்ளிச் சாப்பிடலாம் என்றில்லை. பிள்ளைக்கு இரண்டு, பெரியவருக்கு ஒன்று. சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்க வேண்டும், பேரீச்சம்பழம் பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு முழுக் கச்சான், முழுக் கஜு கொடுக்கவே கூடாது, தொண்டையில் சிக்கும். நன்றாக இடித்ததைத்தான் கொடுக்கலாம்.

மகன் முதலில் முகத்தைச் சுழித்தான். “பழைய மாதிரி இல்லை” என்றான். இல்லைத்தான் என்றேன். ஏன் என்று கேட்டான். கொப்பியை எடுத்து அப்பம்மாவின் 268 ஐக் காட்டி, தராசில் உருண்டையை வைத்துக் கணக்கைச் செய்து காட்டினேன். ஒன்பது வயது, வகுத்தல் தெரியும். தானே வகுத்தான். எட்டு வந்ததும் என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமையிலிருந்து எண்ணித் தட்டில் வைக்கும் வேலையை அவனே எடுத்துக்கொண்டான். பெரும்பாலான நாட்களில் இப்போது எங்கள் வீட்டில் இனிப்பு என்றால் பப்பாசித் துண்டில் தேசிக்காய் பிழிந்தது, அல்லது ஒரு மாம்பழத்தை நாலு பேருக்கு வெட்டியது. கறுத்தக்கொழும்பான் காலத்தில் அதற்குமேல் வேறு இனிப்பைப் பற்றி யார் நினைப்பார்?

மாமிக்குப் பங்குனியில் ஒப்பரேசன் நடந்தது. காலையில் வெறுவயிற்றில் 124. அந்த ஐந்து கிழமையும் அவர் உருண்டை கேட்கவில்லை, நானும் மேசையில் வைக்கவில்லை. கண்கட்டு அவிழ்த்து மூன்றாம் நாள், பின்னேரம் தேத்தண்ணியோடு, “ஒண்டு தா பிள்ளை, எப்பிடி இருக்கெண்டு பார்ப்பம்” என்றார். புதிய உருண்டையை உள்ளங்கையில் வைத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். அவர் என் உருண்டையைக் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை. “இவ்வளவு சின்னனோ!” என்று சிரித்துவிட்டு வாய்க்குள் போட்டார். இரண்டாவது கேட்கவில்லை.

போன கிழமை யாழ்ப்பாண இரவுப் பஸ்ஸில் ஒரு பார்சல் போட்டிருப்பதாகப் போன் எடுத்தார். விடியப்புறம் ஐந்து மணிக்குக் காலி வீதியில் போய் நின்று வாங்கினேன். முருங்கைக்காய், பனங்கட்டி ஒரு குட்டான், ஒடியல் மா, அடியில் துணியால் சுற்றிய பினாட்டு. பினாட்டு என்றால் பெரிய தகடாகத்தான் வரும், எங்கள் கையால் வெட்டிக்கொள்வோம். இது வெட்டி வந்திருந்தது. இரண்டு விரல் அகலத்தில், ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக எண்ணெய்த்தாளில் மடித்து, நூல் சுற்றி. மேலே கொப்பிப் பக்கம் ஒன்றைக் கிழித்து எழுதியிருந்தார். எழுத்து நேராக, கோட்டின் மேலேயே நின்றது: “பிள்ளையளுக்கு நாளைக்கு ஒண்டு. உனக்கும்.”